நீக்க வேண்டிய பெயர்கள்

நம்பாதவர்களைப் பிடித்து நம்ப வைக்கிற வேலை எனக்கு வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான். கோச்சடையில் மூடிக் கிடக்கிற ரைஸ் மில்லின் மதில் சுவர் இன்னும் அங்கேதான் நிற்கிறது. தமிழ்ச்செல்வியும் இருக்கிறாள். போய்க் கேட்டால் ஏசி அனுப்புவாள், அது வேறு விஷயம். பேய் ராத்திரியில்தான் வரும் என்று சொன்னவன் எவனோ, அவன் மதுரை வெயிலில் உச்சி நேரத்தில் வண்டி ஓட்டாதவன்.

தமிழ்ச்செல்விக்கு வேலை கோரிப்பாளையத்தில், ஒரு பிரியாணிக் கடையின் மாடியில். முதலாளி அருள்பாண்டி. தெற்கு மாசி வீதிப் பட்டுக் கடை ஒன்றுக்கும் சில நகைக் கடைகளுக்கும் வாடிக்கையாளர் விலாசப் பட்டியலை வைத்துப் பராமரித்து, முகூர்த்த மாதம் பார்த்துத் தபாலில் கவர் அனுப்புகிற தொழில். வாட்ஸப் காலத்தில் தபாலை எவன் பிரிக்கிறான் என்று கேட்பீர்கள். பிரிக்கிறார்கள். செல்போனில் வருகிற விளம்பரத்தைப் பார்க்காமலே அழிக்கிற ஜனம், தன் பேர் போட்டு நாலு மூலையிலும் மஞ்சள் தடவி வருகிற கவரைக் கீழே போடாது. சாமி படத்துக்கு முன்னால்கூடக் கொண்டுபோய் வைக்கும்.

ஆனால் விலாசப் பட்டியல் என்பது வாங்கி வைத்த கீரை மாதிரி. மறுநாளே வாடத் தொடங்கிவிடும். வீடு மாறுவார்கள். நம்பர் மாற்றுவார்கள். பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டு மகனோடு சென்னைக்குப் போய்விடுவார்கள். அதெல்லாம்கூடப் பரவாயில்லை, கவர் திரும்பி வரும், தபால்காரர் மேலே எழுதியிருப்பதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். செத்துப்போகிறார்களே, அதுதான் தொல்லை. ஒரு தடவை கருமாதி நடக்கிற வீட்டுக்கு, செத்தவர் பேரிலேயே "இல்லத்தில் மங்கலம் பொங்க வருக" என்று மஞ்சள் கவர் போய்விட்டது. மொட்டை போட்ட தலையோடு மகன் மாடியேறி வந்து அருள்பாண்டியைக் கன்னத்தில் அறைந்தான். அன்றிலிருந்து ஆபீசில் ஒரே சட்டம். துட்டி வீட்டுக்கு மஞ்சள் போகக் கூடாது.

யார் செத்தார்கள் என்று எப்படித் தெரியும்? மதுரையில் அதற்குச் சுவர்கள் இருக்கின்றன. உயிர் போன சூட்டோடு போட்டோவைப் பிரஸ்ஸுக்கு அனுப்பிவிடுவார்கள். பாடை கட்டும் முன்னால் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் சுவருக்கு வந்துவிடும். காலையில் ஒட்டுவார்கள். சாயங்காலம் கட்சிக்காரன் வந்து அதன் மேலேயே தன் போஸ்டரை ஒட்டிவிட்டுப் போவான். ஆகவே நடுவில் இருக்கிற மத்தியானம்தான் தமிழ்ச்செல்வியின் நேரம். தினம் சாப்பாட்டுக்கு முன்னால் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சுவர் சுவராகப் போய், செல்லில் படம் பிடித்து வந்து, பட்டியலில் அந்தப் பேர் இருந்தால் எதிரே "இறப்பு, சுவர்" என்று போட்டு நீக்குவாள். போஸ்டர் ஒட்டாத வீடுகளும் உண்டு. பசுமலைப் பக்கத்து வாத்தியார், ஆபீசர் குடும்பங்கள் சில, காதும் காதும் வைத்த மாதிரி காரியத்தை முடித்துவிடும். அவர்களுக்கு மட்டும் போன் செய்து பார்ப்பாள்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. கட்டியவன் திருப்பூருக்குப் போனான், போனவன் போனவன்தான். அப்பா அம்மா இல்லை. இருந்தது ஒரே தம்பி, வீரணன். கல்யாண வீடுகளுக்குச் சீரியல் லைட் கட்டுகிற தொழில் அவனுக்கு. கோச்சடையில் சின்னத்தாய் என்கிற வீட்டுக்காரம்மாவின் மாடியில் இருவரும் குடியிருந்தார்கள். முதல் தடவை கையில் சொந்தக் காசு வந்ததும் அந்தப் பட்டுக் கடைக்குப் போய் அக்காவுக்கு ஒரு சேலை எடுத்தான் வீரணன். கல்லாவில் கேட்டார்கள் என்று பேரும் விலாசமும் கொடுத்துவிட்டு வந்தான். அப்படித்தான் அவன் பேரும் பட்டியலில் ஏறியது. அவனுக்குப் பெண் பார்த்துத் தை மாதத்தில் கல்யாணம் வைக்க வேண்டும் என்பது ஒன்றுதான் தமிழ்ச்செல்விக்கு உலகத்தில் இருந்த ஆசை. வேறொன்றும் இல்லை.

வைகாசி மாதம் ஆரம்பித்தது எல்லாம்.

ரைஸ் மில் சுவரில் ஒரு போஸ்டர். வெள்ளைத்துரை, கோச்சடை. பட்டையாக மீசை, நீலக் கோடு போட்ட சட்டை. பட்டியலில் இருக்கிற ஆள்தான். படம் பிடித்தாள், ஆபீசுக்கு வந்தாள், நீக்கினாள். வழக்கமான வேலை.

நாலைந்து நாள் கழித்து ஒரு ஆள் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். பட்டையாக மீசை.

"ஏத்தா, நாந்தேன் வெள்ளைத்துரை. கோச்சடை. ஹாலோபிளாக் யாவாரம். பக்கத்து வீட்டுக்கெல்லாம் பட்டுக் கடை கவரு வந்துருக்கு, எனக்கு மட்டும் வரல. கடையில கேட்டா உங்க ஆபீசக் கைகாட்டுறாய்ங்க."

அருள்பாண்டி கம்ப்யூட்டரைத் திறந்தான். மறைப்பதற்குள் அவரே எட்டிப் பார்த்துப் படித்துவிட்டார்.

"செத்தாச்சுண்டு போட்ருக்கு?" சிரித்தார் மனுஷன். "யாருத்தா பாத்தது? என் பொண்டாட்டிக்கே இன்னும் தெரியாதே."

அவர் போன பிறகு அருள்பாண்டி குதித்தான். "உயிரோட இருக்கவனைக் கொன்னுருக்க. இதுக்கா உனக்குச் சம்பளம்?"

"சத்தியமா ஒட்டியிருந்துச்சுண்ணே. படம் பிடிச்சேன்."

செல்லை எடுத்துக் காட்டினாள். படம் இருந்தது. தேதி இருந்தது. சுவர் இருந்தது.

போஸ்டர் இல்லை. வெறும் சுவர். காரை உதிர்ந்த வெறும் சுவர்.

வெயிலில் கண் பூத்துப் போயிருக்கும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். வேறு எந்தப் படத்தையோ மாற்றி எடுத்திருக்கலாம் என்றும் நினைத்தாள். அந்த வாரக் கடைசியில் வெள்ளைத்துரை லோடு இறக்கும்போது மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலை அதே மில் சுவரில் போஸ்டர். அதே மீசை, அதே நீலக் கோட்டுச் சட்டை. ஒரே ஒரு வித்தியாசம். இந்தப் போஸ்டரின் அடியில் "கண்ணீருடன்" என்று போட்டு உறவினர், நண்பர்கள் பேர் வரிசையாக இருந்தது. அச்சடித்த பிரஸ்ஸின் பேர் இருந்தது. முன்னால் அவள் பார்த்ததில் அதெல்லாம் இருந்ததா என்று யோசித்தாள். இருந்ததாக ஞாபகம் இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். அதைவிட, ஒரு நினைப்பு அவளைப் பிடித்து ஆட்டியது. நான் பேரை நீக்கினேன். ஆள் போய்விட்டார். நான் நீக்காமல் இருந்திருந்தால்?

ஆடி மாதம். மறுபடியும் அதே சுவர்.

இந்த முறை தூரத்திலேயே தெரிந்தது. ஒரு பெண் முகம். கண்ணாடி, நெற்றியில் சின்னப் பொட்டு. ஸ்யாமளா, ஓய்வுபெற்ற ஆசிரியை, பசுமலை. அந்தப் பேரைப் பார்த்ததுமே தமிழ்ச்செல்வி வண்டியை நிறுத்தினாள். போஸ்டர் ஒட்டுகிற வீடா அது? பசுமலைக்காரர்களுக்குக் கோச்சடைச் சுவரில் என்ன வேலை?

இறங்கிப் பக்கத்தில் போனாள். தோற்றம் என்று ஒரு தேதி. மறைவு, ஜூலை 29.

அன்றைக்குத் தேதி ஜூலை 26.

அடியில் கண்ணீருடன் யாரும் இல்லை. பிரஸ் பேர் இல்லை. வெறும் வெள்ளை.

அந்தக் கொளுத்துகிற வெயிலில் பசை காயாமல் இருந்தது. ஓரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. விரலை வைத்தாள். பிசுபிசு என்று ஒட்டியது. மைதாப் பசையின் புளித்த வாடை.

பின்னால் லாரி ஒன்று ஹாரன் அடித்தது. ஒரு கணம்தான் திரும்பினாள்.

சுவர் வெறுமையாக இருந்தது.

விரலில் பசை மட்டும் இருந்தது.

அன்று ஆபீசில் அவள் அந்தப் பேரைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. இருபத்தொன்பதாம் தேதி முழுக்கக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து அந்தப் பேரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அருள்பாண்டி இரண்டு தடவை கேட்டான், என்னத்தா, மந்திரிச்சு விட்டாப்ல இருக்கே என்று. முப்பதாம் தேதி மத்தியானம் மனசு கேட்கவில்லை. போன் போட்டாள்.

மணி அடிக்கவே இல்லை. உடனே எடுக்கப்பட்டது.

"சொல்லு தமிழ்ச்செல்வி."

கணீர் என்ற குரல். தமிழ்ச்செல்விக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த நிம்மதியில் ஒன்றை அவள் கவனிக்கவில்லை. தன் பேரை அவள் சொல்லவே இல்லை.

"ஸ்யாமளா மேடங்களா? பட்டுக் கடை கவர் அனுப்புற ஆபீஸ்லருந்து பேசுறேன். உங்க அட்ரஸ் சரியா இருக்காண்டு பாக்கக் கூப்பிட்டேன்."

"இருக்கேனே. இங்கேயேதான் இருக்கேன். ஆத்துல நிறைய மனுஷா வந்திருக்கா."

"ஏதாவது விசேசங்களா மேடம்?"

"ஆமாம், விசேஷம்தான்."

பின்னால் யாரோ அழுகிற சத்தம் கேட்டது. சின்னக் குரல். விடாமல், இழுத்து இழுத்து...

"யாரோ அழுகுறாகளே மேடம்?"

"மைத்ரேயி. என் பொண்ணு. புறப்படற நேரம், அழத்தான் செய்வா." குரல் கொஞ்சம் நெருங்கி வந்த மாதிரி இருந்தது. "நீ என் பேரை எடுக்கலையே. நல்ல காரியம் பண்ணினே. பேர் இருக்கிற வரைக்கும் என்ன ஆயிடப் போறது?"

இணைப்பு அறுந்தது.

மகளை மறுவீட்டுக்கு அனுப்புகிற நேரம் போலிருக்கிறது என்று நினைத்தாள் தமிழ்ச்செல்வி. அதற்குப் பிறகு வந்த ஒரு வாரமும் எந்தச் சுவரிலும் ஸ்யாமளாவுக்குப் போஸ்டர் இல்லை. கவரும் திரும்பி வரவில்லை. போதாதா? பெயரைத் தொடவில்லை, ஆள் பிழைத்தாள். வெள்ளைத்துரையை நினைத்து மட்டும் நாலு நாள் சோறு இறங்கவில்லை. அதன் பிறகு அவளுக்கு ஒரு தைரியம் வந்துவிட்டது. பாழாய்ப் போன தைரியம். பயந்துகொண்டே இருந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஐப்பசி பிறந்தது. தீபாவளிக் கவர்கள் போகிற நேரம். தலைக்கு மேல் வேலை. இருந்தாலும் சுவர்ச் சுற்று நிற்கவில்லை.

அன்றைக்கு வெயில் கொளுத்தியது, காற்றும் இல்லை. மில் தெருவில் ஒரு நாய்கூட இல்லை. தூரத்திலிருந்தே போஸ்டர் தெரிந்தது. ஒரு பையன் முகம். சிவப்புச் சட்டை.

அந்தச் சட்டை அவளுக்குத் தெரிந்த சட்டை. அன்று காலையில்தான் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

ஸ்கூட்டி கீழே விழுந்தது. அவள் ஓடினாள்.

வீரணன் சிரித்துக்கொண்டிருந்தான்.

மறைவு, அக்டோபர் 24.

இரண்டு கையாலும் பிய்த்தாள். நகத்தால் சுரண்டினாள். பசை கையெல்லாம் வழிந்தது. காகிதம் கிழியவில்லை. கையில் வந்தது காரை மட்டும்தான். நகம் பிய்ந்து ரத்தம் வந்தபோது பார்த்தால்... வெறும் சுவர்.

அவள் அழவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும் என்று நினைத்தாள். பேர் இருக்க வேண்டும். அவ்வளவுதான். பேர் இருந்தால் தம்பி இருப்பான்.

அவன் தொழில் கரண்டோடு என்பதால் அதற்கும் ஒரு காவல் போட்டாள். இருபத்துநாலாம் தேதி காலையில் வீரணனிடம் சொன்னாள்.

"இன்னிக்கு எங்கயும் போகாத. ஒயரைத் தொடாத. வீட்லயே கெட."

"ஏக்கா? ரெண்டு ஆர்டர் கெடக்கு."

"அக்கா சொல்றேன்ல."

"சரி விடு. போகல."

அவ்வளவு சொன்ன வாய், விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவான் என்று நினைத்தாள். அதை நினைத்து இப்போது தலையில் அடித்துக்கொள்கிறாள், யாருக்கு என்ன பிரயோஜனம்?

ஆபீசில் அன்றைக்குத்தான் பட்டியலைக் கடைசியாகச் சலித்தெடுக்கிற நாள். சாயங்காலம் தபாலுக்குப் போவதற்கு முன்னால், சந்தேகமான பேர்களை எல்லாம் தூக்கிவிட வேண்டும் என்று அருள்பாண்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு தடவை ஒரே பேர் வந்தது, ஒரே வீட்டில் இருக்கிற இரண்டாம் பேர், போன் எடுக்காதது, எல்லாம் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. தமிழ்ச்செல்வி பக்கத்திலேயே நின்றாள்.

"வீரணன், கோச்சடை. இது உன் தம்பில்ல?"

"ஆமாண்ணே."

"நம்ம ஆளுகளுக்கு எதுக்குத்தா தபாலு. நீ வாயால சொன்னாப் போதுமே. தூக்கிரவா?"

"வேணாம்ணே. அந்தப் பேரை மட்டும் தொடாதீக. உங்க காலப் பிடிச்சுக்கிறேன்."

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "சரி சரி, இருக்கட்டும். எல்லாத்தையும் முடிச்சிட்டுப் பாப்போம்."

அந்தப் பாப்போம்தான் அவளைக் கட்டிப் போட்டது. நாற்காலியை விட்டு அவன் எழுந்தால் அவள் உட்கார்ந்தாள். அவன் உட்கார்ந்தால் அவள் பின்னால் நின்றாள். தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை.

மத்தியானம் போன் அடித்தது. வீரணன்.

"அக்கா, என்னமோ மாதிரி இருக்கு. நெஞ்சு ஒரு பக்கமா இழுக்குது."

"என்ன சாப்ட்ட?"

"காலையில தின்ன பரோட்டாதான். கேஸா இருக்கும். வேர்த்துக் கொட்டுது. ஆசுபத்திரிக்கு வாரியா? தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு."

அருள்பாண்டியின் விரல் மவுசில் இருந்தது. பட்டியல் மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. வ... வா... வி... வீ எங்கே வரும் என்று அவள் கண் திரையை விட்டு நகரவில்லை.

"இப்ப நகர முடியாதுடா. ஒரு சோடா வாங்கிக் குடிச்சிட்டுப் படு."

"பயமா இருக்குக்கா."

"உனக்கு ஒண்ணும் ஆகாது. எனக்குத் தெரியும். நான் இருக்கேன்ல. படு."

"சரிக்கா."

அவன் போனை வைத்தான்.

சாயங்காலம் கவர்க் கட்டுகள் தபாலாபீசுக்குப் போயின. வீரணன் பேர் நீக்கப்படவில்லை. திரையில் ஒரு எழுத்துப் பிசகாமல் இருந்தது. தமிழ்ச்செல்விக்கு நாள் பூராவும் வராத மூச்சு அப்போதுதான் வந்தது. வழியில் தம்பிக்குப் பிடிக்கும் என்று ஜிகர்தண்டா ஒன்றைப் பார்சல் வாங்கிக்கொண்டாள்.

வீட்டு வாசலில் கூட்டம்.

கதவுக்கு வெளியே அவன் செருப்பு.

உள்ளே பாயில் அவன்.

சிவப்புச் சட்டை.

நண்பர்கள் போஸ்டர் அடித்தார்கள். மில் சுவரில்தான் ஒட்டினார்கள். அதே படம், அதே சிரிப்பு, அடியில் கண்ணீருடன் இருபது பேர். தமிழ்ச்செல்வி அந்தப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் தபால்காரர் மாடியேறி வந்து, குனிந்த தலையோடு ஒரு கவரை நீட்டினார். திரு. வீரணன். நாலு மூலையிலும் மஞ்சள். துட்டி வீட்டுக்கு மஞ்சள் போகக் கூடாது என்கிற சட்டம் அவள் வீட்டு வாசலிலேயே செத்தது. அந்த மஞ்சளை அவள்தான் தடவியிருந்தாள்.

கருமாதி முடிந்தது. வயிறு என்று ஒன்று இருக்கிறதே, கார்த்திகையில் மறுபடியும் வேலைக்குப் போனாள். அருள்பாண்டி நல்லவன்தான், வா என்று சொன்னதோடு சரி, வேறொன்றும் கேட்கவில்லை. சுவர்ச் சுற்று மட்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டான். அவள் மனசுக்குள் அருள்பாண்டியைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். எங்கேயோ, ஏதோ ஒரு நிமிஷம், அவள் பார்க்காத நேரத்தில் அவன் அந்தப் பேரைத் தூக்கிவிட்டுத் திரும்பப் போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தம்பி எப்படிப் போவான்? ஸ்யாமளா மேடம் இருக்கிறாளே. பேரைத் தொடாததால்தானே இருக்கிறாள்? அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் கடைசியில் ஒரு நாள் காலை. பருத்திச் சுடிதார் போட்ட ஒரு பெண் மாடியேறி வந்து, மேஜை மேல் மூன்று கவர்களை வைத்தாள். மூன்றிலும் மஞ்சள்.

"இதை அனுப்பறது நீங்களா?"

"ஆமா மேடம்."

"நான் மைத்ரேயி. இது எங்கம்மா பேர். வீட்டைக் காலி பண்ண வந்தேன், லெட்டர் பாக்ஸ்ல இது கிடந்தது. அம்மா போய் நாலு மாசம் ஆச்சு. இனிமே அனுப்பாதீங்க."

தமிழ்ச்செல்வி எழுந்து நின்றாள்.

"என்னைக்கு மேடம்?"

"ஜூலை இருபத்தொன்பது. குளிக்கப் போனவ விழுந்துட்டா."

"இல்ல மேடம். முப்பதாம் தேதி நான் அவுககிட்டப் பேசினேன்."

"சான்ஸே இல்லை."

செல்லை எடுத்தாள். தேடி எடுத்துக் காட்டினாள். ஸ்யாமளா, பசுமலை. ஜூலை 30. பேசிய நேரம் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம்.

மைத்ரேயி அதை வெகு நேரம் பார்த்தாள்.

"முப்பதாம் தேதி அம்மா ஹால்ல ஐஸ் பெட்டியில இருந்தா. அண்ணா வெளிநாட்டுலேர்ந்து வரணும்னு வெச்சிருந்தோம். சாயங்காலம்தான் எடுத்தோம். அவ போன் ஆஃப் ஆகி என் மடியில இருந்தது. நான் பக்கத்துல உட்கார்ந்து அழுதுண்டிருந்தேன்."

"கேட்டுச்சு மேடம். நீங்க அழுகுறது கேட்டுச்சு. புறப்படுற நேரம், அழத்தான் செய்வாண்டு சொன்னாக. கணீர்னு பேசினாக. அவுக குரல்தான்."

"என்ன குரல்?"

மைத்ரேயி ஒரு அடி பின்னால் போனாள்.

"எங்கம்மாவுக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆகி ரெண்டு வருஷம். அவளுக்குக் குரலே கிடையாது. எது வேணும்னாலும் எழுதித்தான் காட்டுவா."

கீழே பிரியாணிக் கடையில் அண்டாவைத் தட்டுகிற சத்தம். ரோட்டில் பஸ்கள்.

"அப்போ உங்ககிட்டப் பேசினது யாரு?"

தமிழ்ச்செல்விக்கு அந்தக் கேள்வி காதில் விழுந்ததா என்பதே சந்தேகம். பேர் யாரையும் காப்பாற்றவில்லை. ஒருநாளும் காப்பாற்றியதில்லை. எதுவோ ஒன்று அவளிடம் அப்படிச் சொன்னது, அதை அப்படியே அவள் தம்பியிடம் சொன்னாள். கோச்சடை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஐந்து நிமிஷம்தான். வலி வந்ததுமே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பான் என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் கையை விரித்துச் சொன்னார். அப்போது பக்கத்தில் நின்ற வீட்டுக்காரம்மா சின்னத்தாய், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவளிடம் ஒன்று சொன்னாள்.

"நான் ஆட்டோவைக் கொண்டாந்து வாசல்ல நிறுத்திப்புட்டேன்த்தா. எந்திரிடாண்டு கையப் பிடிச்சு இழுத்தேன். வரமாட்டேண்டான். எங்கக்கா ஒண்ணும் ஆகாதுண்டு சொல்லிருச்சு, அது தெரியாமச் சொல்லாதுண்டு, அப்பிடியே படுத்துக்கிட்டான்."